பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் தெரு வாசகசாலையில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காகப் புத்தகம் வாங்கப் போகிறோம். யோசனை சொல்லுங்கள்.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் இருக்கிறது. முதல் பாகம் அட்டை கிழிந்து தொங்குகிறது, ஐந்தாம் பாகம் புதுசாகவே கிடக்கிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்குத்தான் போட்டி. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’, தியடோர் பாஸ்கரனின் சூழலியல் கட்டுரைகள் இரண்டையும் பட்டியலில் சேர்த்தாயிற்று.

அப்புறம்? பெண்கள் எழுதியவை, மலையாள, வங்க மொழிபெயர்ப்புகள், துப்பறியும் கதைகள், காமிக்ஸ் எல்லாம் கலந்து வேண்டும். கிரிக்கெட் செய்தி தவிர வேறெதுவும் படிக்காத பையன் ஒருவன் வருகிறான், அவனுக்காக விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறும் தேவை. தன்னம்பிக்கை நூல்கள் வேண்டாம், அன்பளிப்பாகவே அலமாரி நிறைய வந்துவிட்டன.

எந்த வயதுக்குப் பொருந்தும், இப்போது அச்சில் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.