மைக்ரோ பெவல், பேக் பெவல்: தமிழில் எப்படிச் சொல்ல?

கோத்தகிரியிலிருந்து:

வணக்கம். ஜாயிண்டர் (3 கத்தி பதித்த உருளை சுழன்று பலகையை நேராக இழைக்கும் மெஷின்) கத்தி தீட்ட நாம் தமிழில் எழுதும் குறிப்பில் மைக்ரோ பெவலை ‘நுண்சரிவு’ என்று போட்டிருக்கிறோம். சொல் அழகுதான், பட்டறைக்கு உதவாது. ‘நுண்’ அளவைத்தான் சொல்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. இந்த வேலையில் பக்கம்தான் எல்லாம்.

3 மி.மீ. கனமுள்ள ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கத்தியில் 40 டிகிரி சாய்வு சுமார் 4.7 மி.மீ. அகலம் இருக்கும். அதன் நுனியில் மட்டும், 42 டிகிரியில், அரை மி.மீ.க்குள் பளபளவென்று ஒரு கோடு விழுமே, அதுதான் மைக்ரோ பெவல். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கொஞ்சம் பலப்படும். பின்னிடைவெளி, அதாவது வாய்க்குப் பின்னால் சாய்வு மரத்தில் உரசாமல் விலகி நிற்கும் கோணம், 2 டிகிரி குறையும். கத்தி மரத்தில் இறங்கும் கோணம் மாறாது.

அதே கோட்டைத் தட்டைப் பக்கத்தில் போட்டால் அது பேக் பெவல். இறங்கும் கோணமே மாறிவிடும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் பலகையில் வரி எதிர்த்து வரும் இடத்தில் பிய்வது குறையும். ஆனால் மோட்டார் திணறும், பலகையை மெதுவாகத்தான் தள்ள முடியும். தெரியாமல் பக்கம் மாற்றித் தீட்டியவர், அந்தக் கோடு மறையும்வரை 3 கத்தியின் சாய்வையும் மறுபடி சாணை பிடிக்க வேண்டியதுதான்.

ஆகவே: மைக்ரோ பெவலுக்குச் சாய்வுப்பட்டை, பேக் பெவலுக்கு முகப்பட்டை.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, மரவேலைக்காரரிடம் பட்டை என்றால் மரப்பட்டையைத்தானே நினைப்பார்? ‘முதுகுச்சரிவு’ என்றால் பேக் பெவலுக்கு நேராகப் பொருந்துமே.

கோத்தகிரியிலிருந்து:

நேராகப் பொருந்துவதுதான் தம்பி சிக்கல். அரிவாளுக்கு முதுகு எது? வாய்க்கு எதிரே இருக்கிற தடித்த விளிம்பு. அங்கே யாரும் தீட்டுவதில்லை. மரத்தைப் பார்த்து நிற்கும் பக்கம் முகம். பட்டையைப் பொறுத்தவரை, வைரத்துக்குப் பட்டை தீட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. முன்னால் ‘முக’ என்று ஒட்டியபின் மரப்பட்டை எங்கே வரும்? சரிவு வேண்டாம், நம் மலைகளில் அந்தச் சொல்லை மழைக்காலச் செய்தி எடுத்துக்கொண்டுவிட்டது.

குன்னூரிலிருந்து:

எனக்குச் சம்மதம். குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

“சாய்வு முழுவதும் மார்க்கர் மை பூசவும். தடித்த கண்ணாடிமேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, கத்தியை 42 டிகிரியில் பிடிக்கும் கட்டையில் செருகித் தேய்க்கவும். மை நுனியில் மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே அகலத்தில் அழிந்தால் சாய்வுப்பட்டை விழுந்துவிட்டது. ஒரு கோடியில் அகலமாக இருந்தால் கை அங்கே அழுத்துகிறது. எத்தனை முறை தேய்த்தோமோ, மற்ற 2 கத்திக்கும் அதே எண்ணிக்கை. பிறகு முகத்தைப் பேப்பரில் முழுவதும் படியவைத்து, பிசிறு போக 2, 3 இழுப்பு. முகத்தைத் துளி தூக்கினாலும் முகப்பட்டை விழுந்துவிடும்.”

கடைசி வரியை முன்பு இவ்வளவு சுருக்கமாக எழுத முடியவில்லை. (‘பிசிறு’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும், அதற்குப் புதுச்சொல் தேடாதீர்கள். ஈரத்தைத் துடைத்து எண்ணெய் தடவச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள், மூடுபனியில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.)

ஒன்று மீதி இருக்கிறது. ஓடும் உருளையில் தீட்டுக்கல்லை லேசாகத் தொடவைத்து 3 வாயையும் ஒரே வட்டத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு கோடு விழுகிறதே, அதைச் சாய்வுப்பட்டை என்று எழுதிவிடக் கூடாது. அதற்குப் பின்னிடைவெளியே கிடையாது. 0.8 மி.மீ.க்கு மேல் அகன்றால் வெட்டுவதை விட்டுவிட்டு மரத்தை அடிக்க ஆரம்பிக்கும். அதற்கு என்ன சொல்லலாம்?