அம்மாவின் இடது காலும் மின்தூண்டல் பயிற்சியும்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து எங்களை ஆளாக்கிய அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. கிளினிக்கில் காட்டிய பயிற்சிகளால் எழுந்து நிற்கப் பழகிய பின்னரும், அடி எடுக்கும்போது நுனிக்கால் தொங்கித் தரையில் உரசியதால், இடுப்பிலிருந்தே காலை வெளிப்புறமாகச் சுழற்றித்தான் அவரால் நடக்க முடிந்தது.

மின்துடிப்பால் தசையை இயக்கும் மின்தூண்டலை இயன்மருத்துவர் பரிந்துரைத்தபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் பலரும் "கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்" என்றார்கள். படுத்துக்கொண்டு கரண்ட் வைப்பதும் நடந்துகொண்டே வைப்பதும் ஒன்றல்ல என்பதை அனைவரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அம்மாவுக்குச் செய்தது நடந்துகொண்டே வைப்பது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையருகே, பாதத்தை உயர்த்தும் நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஓர் ஒட்டுத்தகடும், முன்காலின் தசைமீது மற்றொன்றும் வைக்கப்படும். குதிகால் தரையை விட்டு எழும்போது காலணிக்குள் இருக்கும் சுவிட்ச் மின்துடிப்பைத் தொடக்கி வைக்கிறது. குதிகால் மீண்டும் ஊன்றியதும் அது நின்றுவிடுகிறது. 1961ஆம் ஆண்டில் லிபர்சன் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட முறையும் இதுவே. தகடு சிறிது விலகினாலும் பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும் என்பதால், சரியான இடத்தைப் பேனாவால் குறித்து வைத்தோம். ரப்பர் செருப்பில் சுவிட்ச் நிலையாக நிற்காது. குதிகால் மூடிய சப்பாத்து வேண்டியிருந்தது.

துடிப்பு வரும் அதே கணத்தில் தாமும் பாதத்தைத் தூக்க முயல வேண்டும் என்று இயன்மருத்துவர் அம்மாவிடம் வற்புறுத்திச் சொல்வார். முதலில் இஸ்தோப்பின் (வீட்டு முன் திண்ணையின்) சமதரையில் மட்டுமே நடந்தார். எங்கள் லயத்துப் படிகளில் இறங்கும்போது குதிகாலுக்கு முன்பே நுனிக்கால் ஊன்றுவதால் சுவிட்சின் கணக்குத் தவறிவிடும். ஆகவே அங்கே கைபிடித்தே இறக்கினோம். மின்சாரத்தால் இயங்கும் தசை விரைவில் களைத்துவிடுவதால் இடையிடையே ஓய்வும் கொடுத்தோம். கருவியைக் கழற்றினால் பாதம் முன்போலவே தொங்கியது, ஆனால் நாட்கள் செல்லச் செல்ல உரசல் குறைந்தது.

இது எல்லோருக்கும் பொருந்தாது. காலுக்குச் செல்லும் நரம்பே அறுந்திருந்தால் பயனில்லை. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர்களும் வலிப்பு நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் தோல் புண்ணானாலும் நோயாளிக்குத் தெரியாது. தகட்டைக் கழற்றியதும் அந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.