தண்ணிச் சண்டை எந்த இடத்தில ஊர்ச் சண்டையாகுது? – இலங்கை வன்னி அனுபவங்கள்

கமக்காரர் அமைப்பு வேலையில இருந்து

சிறுபோகத் (மழை குறைஞ்ச பருவ நெற்செய்கை) தண்ணிப் பிணக்கு முதல்நாள் காணி இலக்கத்தோடதான் வரும்: "பதினேழாம் காணிக்கு இரவு முறை கிடைக்கேல்லை." நாலாம் நாள் அதே முறைப்பாடு "மலைநாட்டாக்கள் வாய்க்காலை வெட்டுறாங்கள்" என்றோ "யாழ்ப்பாணத்தார் எல்லாத்தையும் மறிச்சுப் போட்டினம்" என்றோ நிற்கும். குடியேற்றத் திட்டத்தில முந்தி வந்தவைக்குப் பாசன வயல் கிடைச்சது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலயிருந்து வந்த பலருக்கு மேட்டுக்காணியும் கூலிவேலையும்தான். அதால தண்ணி பாயுற எல்லையும் ஆக்களைப் பிரிக்கிற எல்லையும் பல இடங்களில ஒண்டுதான்.

வாய்க்கால் கதவு திறந்த நேரம், பூட்டின நேரம், அளவுகோலில நீர்மட்டம் மூண்டையும் ஒரே கொப்பியில எழுதுங்கோ. வாய்க்கால் தொடங்கிற தலைப்பக்கத்து ஆள் ஒருத்தரும் முடியிற கடைக்காணி ஆள் ஒருத்தரும் கையெழுத்து வைக்கவேணும். முறைப்பாட்டில காணி இலக்கம், மணித்தியாலம் மட்டும். ஊர், சாதி எழுத விடாதேங்கோ. பிழை வாற இடம் தண்டம் (அபராதம்). முதல் தண்டம் ஆக்கள் குறைஞ்ச பகுதியைச் சேர்ந்த ஒருத்தருக்கு விழுந்தா, அவர் உண்மையிலேயே வெட்டியிருந்தாலும், கொப்பியை ஒருத்தரும் நம்பமாட்டினம். அதே கிழமை நிர்வாகத்தின்ர சொந்தக்காரன் செய்த பிழைக்கும் அதே தொகையை அறவிடவேணும்.

காணிப் பிணக்குப் பக்கம்

பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்கு (சனம் இன்னும் இணக்கசபை எண்டுதான் சொல்லும்) வாற எல்லைப் பிணக்கில பாதி, வேலி அடைக்கிற காலத்தில தொடங்குறது. பழைய கதியால் (வேலிக்கு ஊண்டுற உயிர்த்தடி) பட்டுப்போக, புதுசை ஒரு சாண் தள்ளி ஊண்டுவினம். நாலைஞ்சு முறை அடைச்சா ரெண்டு முழம் போயிடும். "வந்தவங்கள் பிடிக்கிறாங்கள்" எண்ட கதை அதுக்குப் பிறகுதான் முளைக்கும். பேச்சுக்கு முதல் ரெண்டு பகுதியையும் கூட்டிக்கொண்டு வேலி நீளத்துக்கு நடவுங்கோ. மண்ணைக் கிளறினா பழைய கட்டை, வேர் அகப்படும். காணிப் பெர்மிட்டையும் நில அளவைப் படத்தையும் அந்த இடத்திலேயே விரிச்சுப் பாருங்கோ, மேசையில வேண்டாம்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரியலாம். ரெண்டு பேரும் தங்கட ஆளையே தெரிஞ்சா அவை சட்டத்தரணி மாதிரி வாதாடத் தொடங்குவினம். மூண்டாவது மத்தியஸ்தர் வேற கிராமத்தவரா இருக்கிறது நல்லது. இணங்காட்டி இணக்கமின்மைச் சான்றிதழோட நீதிமன்றம் போகலாம். அதை முதலே சொல்லிவிட்டா வாயும் கொஞ்சம் அடங்கும்.

முதல் பதிவுக்கு ஒரு மறுப்பு

மேல சொன்ன தண்ணிக் கொப்பி நல்லது. ஆனா கலப்பு நிர்வாகம் (ரெண்டு பகுதியாரும் இருக்கிறது) எண்டு சொல்லி மலையக ஆள் ஒருத்தரைப் பேருக்கு உபதலைவராப் போடுறது உதவாது. கூட்டத்தில தேத்தண்ணிக் கணக்கு மட்டும்தான் அவரிட்டப் போகும். வாய்க்கால் கதவின்ர திறப்பை (சாவியை) அவரிட்டக் குடுங்கோ, ஒரு போகம் முழுக்க. அடுத்த போகம் மற்றப் பகுதிக்கு. கைமாறுற அண்டு திறப்போட கொப்பியும் எல்லார் முன்னிலையில போகவேணும், இல்லாட்டிப் பழைய போகத்துக் கணக்கு புதுச் சண்டையா வரும்.