மலை ரயிலில் நடக்கும் சிறுகதை: எங்கே பிழை வரும்?

கேள்வி

நீலகிரி மலை ரயிலில் நடக்கும் சிறுகதை ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். காலம் 2024 நவம்பர். மேட்டுப்பாளையத்தில் காலை வண்டி ஏறும் முதியவர், சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர். எதிரே, தினமும் இதே ரயிலில் குன்னூருக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண். கல்லார் தாண்டியதும் டிரைவர் எதிரே யானையைப் பார்த்துப் பிரேக் போடுகிறார். வண்டி நிற்கும் நேரத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். வண்டியையும் ஊரையும் அறிந்தவர்களுக்கு எது உறுத்தும்?

பதில் 1

யானை சரி, கல்லார் அவற்றின் வழித்தடம். டிரைவர்தான் சரியில்லை. மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அவருக்கு எதிரே இருப்பது பெட்டியின் முதுகு. பாதையைப் பார்ப்பவர், முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். அவர் சிவப்புக் கொடி காட்ட, அடுத்தடுத்த பெட்டியின் பிரேக்ஸ்மேன்கள் அதைப் பின்னுக்குக் கடத்துவார்கள். பெட்டிக்குப் பெட்டி தனி பிரேக் உண்டு. இதை அப்படியே எழுதுங்கள், காட்சிக்கு வலு கூடும். இருவரையும் முதல் பெட்டியில் உட்கார வையுங்கள். முன்னால் எஞ்சின் புகைவதாக எங்காவது வந்தால் நீக்கிவிடுங்கள்.

எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்தண்டவாளம் கல்லாரிலிருந்து குன்னூர் வரை மட்டும்தான், சுமார் 19 கி.மீ. செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். பல்சக்கரம் பொருந்தும் இடத்தில் வண்டி தவழும். பிறகும் மணிக்கு 13 கி.மீ. அளவுதான். 7.10க்குப் புறப்படும் வண்டி குன்னூர் சேர 10 மணி தாண்டிவிடும். மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பேச யானை வர வேண்டியதே இல்லை. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள், எல்லோரும் இறங்கிக் கால் நீட்டுவார்கள், தின்பண்டத்துக்குக் குரங்குகள் காத்திருக்கும். பேச்சை அங்கே தொடங்கலாம். குன்னூரில் நீராவி எஞ்சின் கழன்று டீசல் எஞ்சின் மாட்டப்படும். அதற்குப் பின் 'குப்குப்' சத்தம் எழுதாதீர்கள்.

பதில் 2

எனக்கு உறுத்துவது அந்தப் பெண். கீழிருந்து வருவது நாளுக்கு ஒரே வண்டி. இருக்கைகள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் முன்பதிவு செய்தவை. 10 மணிக்கு மேல் குன்னூரில் இறங்குகிறவளுக்குக் காலை வேலை போய்விடும். கொழுந்து பறிப்பவர்கள் எஸ்டேட் லைன் வீட்டிலோ (தொழிலாளர் வரிசை வீடு) பக்கத்து ஊரிலோ இருப்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அவசரமாகப் போக வேண்டியவர்கள் பர்லியார் வழி பஸ்ஸைத்தான் பிடிப்பார்கள்.

அவள் ரயிலில்தான் இருக்க வேண்டுமென்றால், குன்னூர்–ஊட்டிக் குட்டை வண்டிக்குக் கதையை நகர்த்துங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று உள்ளூர்க்காரர்கள் ஏறி இறங்கும் பாதை அது. இன்னொன்று: எப்போதும் விரலால் கிள்ளுவதாகவே எழுதாதீர்கள். நீலகிரியில் பை பொருத்திய கத்தரியால் வெட்டுவது பரவலாகிவிட்டது. கூலிக் கணக்கு எடையில் நிற்பதால், எடை போடும் இடத்தில்தான் தகராறும் வரும். கதைக்குத் தேவையான பதற்றம் அங்கே இருக்கிறது.

பதில் 3

முதியவரின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்பதாக அதில் இந்தியா ஒப்புக்கொண்டது. 1970இல் பத்து வயதில் வந்தவருக்கு 2024இல் 64 வயது. எண்பது என்றால், அவர் சிறுவனாக அல்ல, வளர்ந்த ஆளாக வந்திருப்பார். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்ததாக எழுதலாம். 'லயம்' (வரிசை வீடு), 'கங்காணி' (மேற்பார்வையாளர்), 'பெரட்டுக்களம்' (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எல்லாம் அவர் வாயில் இயல்பாக வரும். அந்தப் பெண்ணின் வாயில் வைக்காதீர்கள், அவளுக்கு லயம் 'லைன்'தான். அங்கே 'தோட்டக்காட்டான்' என்று இகழப்பட்டவர், இங்கே 'சிலோன்காரர்'. உரையாடலில் இந்த இரண்டு பெயர்களும் ஒருமுறையாவது வரட்டும், விளக்கம் இல்லாமல்.

நவம்பரை மாற்றுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் கல்லார்–குன்னூர் இடையே மண் சரிந்து சேவை அடிக்கடி ரத்தாகும். பிப்ரவரி பொருந்தும். நவம்பரே வேண்டுமானால், மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் 'இன்று வண்டி இல்லை' என்ற அறிவிப்போடு கதையைத் தொடங்கி, இருவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.