கினிகத்தேனை ஏத்தத்துல டவுன்ஏஸ் ஹீட் ஆகுது, ஹெட் போயிருச்சா?

கொட்டகலை வேன்:

அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது டொயோட்டா டவுன்ஏஸ் வேன், சீஆர் 27, 1991 மொடல், 2சீ டீசல் என்ஜின். கிழமை நாள்ல கொட்டகலையில இருந்து ஹட்டனுக்கு ஸ்கூல் பிள்ளைகள ஏத்துறேன், சனி ஞாயிறுல ஹயர். பிள்ளைகள் ஓட்டத்துல ஒரு கரைச்சலும் இல்ல, ஹீட் மீட்டர் பாதிக்குக் கீழதான் நிக்கும். கட்டுநாயக்க போயிட்டு ஏழு பேரும் சாமானுமா திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. யட்டியாந்தோட்டை வரைக்கும் நல்லா வரும், கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏத்தத்துல ஏசியும் போட்டிருந்தா மீட்டர் மெல்ல மெல்ல ஏறி சிவப்புக்கிட்ட போயிருது. நிப்பாட்டி அரை மணித்தியாலம் விட்டுத்தான் மறுபடி எடுக்கிறேன்.

ரிசர்வ் போத்தல் நிறைஞ்சு வெளிய ஊத்துது. அடுத்த நாள் காலையில ரேடியேட்டர் மூடியைத் திறந்தா அரை லீட்டர் அளவு தண்ணி குறைவு, ஆனா போத்தல் அப்படியே நிறைஞ்சு கிடக்கு. தண்ணி தேத்தண்ணி கலர்ல இருக்கு. போன மாசம் வாட்டர் பம்ப் மாத்தினேன், சரிவரல. பிறகு ஒரு மெக்கானிக் பாஸ், தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற தேர்மோஸ்டாட்ட கழட்டி எடுத்துட்டாரு, மலைநாட்டுக்கு அது தேவையில்லன்னு சொன்னாரு. இப்ப காலையில என்ஜின் சூடாகவே சரியான நேரம் எடுக்குது, ஏத்தத்துல ஹீட் ஆகுறதும் நிக்கல. இன்னொரு கராஜ்ல பார்த்துட்டு ஹெட், அதான் சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற பகுதி, வெடிச்சிருக்கும், மாத்தணும்னு ஒரேயடியா சொல்லிட்டாங்க. கழட்டிப் பார்க்கவும் இல்ல. இந்த வேன்லதான் வீடு ஓடுது, ஹெட் மாத்துறதுக்கு முதல் யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பண்டாரவளை பையன்:

அண்ணே ரேடியேட்டருக்கு முன்னால பெரிய எலக்ட்ரிக் பேன் ஒண்ணு போட்டுருங்க, எங்க மாமா அப்படித்தான் செஞ்சாரு, இப்ப பிரச்சினையே இல்ல.

டிக்கோயா பழைய கராஜ்காரர்:

தம்பி, பேன் போடுறது பிறகு பார்க்கலாம், முதல்ல தண்ணி ஏன் வெளிய போகுது, போனது ஏன் திரும்பி வரலன்னு கண்டுபிடிக்கணும். நான் இருபது வருசத்துக்கு மேல இந்த ரோட்டுல ஓடுற வேன்களோட மல்லுக்கட்டினவன், 2சீ ஹெட்டு வால்வு ரெண்டுக்கும் நடுவுல வெடிக்கிறது உண்மைதான், அதுக்காக ஹீட் ஆகுற 2சீ எல்லாத்துக்கும் ஹெட் போயிருச்சுன்னு சொல்லுறது சரியில்ல. ஹெட்ட கழட்டாமலே பாதி விசயம் தெரிஞ்சிரும், செலவே இல்லாம.

நாளைக்கு விடியக்காலம் என்ஜின் பச்சத் தண்ணி மாதிரி குளிர்ந்து இருக்கும்போது, ஸ்டார்ட் பண்றதுக்கு முதல், ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸ கையால அமுக்கிப் பாருங்க. ராத்திரி முழுக்க நிப்பாட்டின பிறகும் அது கல்லு மாதிரி இருந்தா, மூடியத் திறக்கும்போது புஸ்ஸுன்னு காத்து வந்தா, சிலிண்டர்ல இருந்து காத்து தண்ணிக்குள்ள போகுதுன்னு சந்தேகப்படலாம். மாறா சப்பிப் போய் ஒட்டிக்கிட்டு இருந்தா அது வேற கதை, அது நல்ல செய்திதான்.

பிறகு மூடியத் திறந்து தண்ணிய வாய் வரைக்கும் நிரப்பிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, டோர்ச் அடிச்சு வாய்க்குள்ளயே பாருங்க. முதல்ல நாலஞ்சு குமிழி வரும், அது ஊத்தும்போது உள்ள போன காத்து. பிறகு நிக்கணும். நிக்காம வரிசையா பொறிஞ்சுக்கிட்டே இருந்தா, எக்ஸிலேட்டர் குடுக்கும்போது இன்னும் கூடினா, அப்ப ஹெட்டுக்கு அடியில இருக்கிற கெஸ்கட் போனதோ ஹெட் வெடிப்போதான். ரெண்டு மூணு நிமிசத்துக்குள்ள பார்த்துருங்க, தண்ணி சூடான பிறகு வர்ற குமிழிய வச்சு ஒண்ணும் சொல்ல ஏலாது. கொழும்புல பெரிய கராஜ்ல நீலக் கலர் தண்ணி ஊத்தின ஒரு குழாய ரேடியேட்டர் வாயில வச்சு உறிஞ்சிப் பார்ப்பாங்க, எரிஞ்ச காத்து வந்தா கலர் மாறும். அது இருந்தா இன்னும் நல்லது. டிப் ஸ்டிக்ல ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருக்கான்னும் பாருங்க.

தேர்மோஸ்டாட்ட கழட்டினதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். நம்ம பக்கம் எல்லாரும் செய்யிற வேலை இது. டொயோட்டா என்ஜின்ல அந்த தேர்மோஸ்டாட்டுக்கு அடியில இன்னொரு தட்டு இருக்கும், சூடாகித் திறக்கும்போது மேல ரேடியேட்டருக்கு வழி விட்டுக்கிட்டே கீழ பைபாஸ் ஓட்டைய அடைக்கும். நீங்க அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கு, கொதிக்கிற தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குள்ள சுத்துது. காலையில என்னடான்னா ரேடியேட்டர் வழியும் திறந்து கிடக்கிறதால சூடு ஏற மாட்டேங்குது, ஏத்தத்துல ஒரு பங்கு தண்ணி குளிராமலே திரும்புது. ரெண்டும் ஒரே காரணம். புதுசு ஒண்ணு வாங்கிப் போடுங்க, 82ன்னு அடிச்சிருக்கும், அது திறக்க ஆரம்பிக்கிற டிகிரி. போடுறதுக்கு முதல் கேத்தல்ல போட்டு சூடாக்கி அது திறக்குதான்னு கண்ணால பாருங்க. அதுல ஆடுற சின்ன ஊசி ஒண்ணு இருக்கும், அது மேல் பக்கம் வரணும், அந்த வழியாத்தான் காத்து வெளிய போகும்.

அடுத்தது மூடி. இத நம்ம மலைநாட்டுக்காரங்க எல்லாரும் கவனமா வாசிங்க. நுவரெலியா 1868 மீட்டர், அங்க திறந்த சட்டியில தண்ணி 94 டிகிரி போலயே கொதிச்சிரும், ஹட்டன்ல 96 போல. 0.9ன்னு பிரஷர் அளவு அடிச்ச நல்ல மூடி அந்தப் பிரஷர பிடிச்சு வச்சிருந்தா ஹட்டன்லயும் 115 தாண்டினாத்தான் கொதிக்கும். மூடி ஸ்பிரிங் தளர்ந்து போச்சுன்னா அந்த இருபது டிகிரி மொத்தமும் போச்சு. கொழும்புல அதே மூடியோட சும்மா ஓடித் திரியிற வேன் இங்க வந்து பொங்கும், காரணம் இதுதான். மூடிக்கு நடுவுல குட்டியா இன்னொரு வால்வு இருக்கு, என்ஜின் குளிரும்போது போத்தல்ல இருந்து தண்ணிய திரும்ப இழுக்கிறது அது. போத்தல் நிறைஞ்சு கிடக்கு, ரேடியேட்டர்ல குறையுதுன்னு சொல்லுறீங்களே, அதைக் கேட்டதுமே எனக்கு மூடி மேலதான் சந்தேகம். மூடிதான் இதுல ஆகக் குறைஞ்ச செலவு, முதல்ல அதை மாத்துங்க.

ஹாலிஎல டொல்பின்:

அண்ணன் சொன்னதோட நானும் ஒண்ணு சேர்க்கிறேன். என்னுது டொல்பின் 113, அதான் டொயோட்டா ஹைஏஸ் வேன், 3எல் என்ஜின். இதே மாதிரிதான், சமதரையில ஒண்ணும் இல்ல, ரெண்டாம் கியர்ல மெதுவா ஏறும்போது மட்டும் ஹீட். நான் அவசரப்பட்டு ரேடியேட்டர மாத்தினேன், காசு போனதுதான் மிச்சம். கடைசியில பார்த்தா பேன் கிளச், சூடானா பேன என்ஜினோட இறுக்கிப் பிடிச்சு வேகமா சுத்த வைக்கிறது அதுதான். சூடா இருக்கும்போது என்ஜின நிப்பாட்டி, சாவியையும் எடுத்துட்டு, பேன கையால சுத்திப் பார்த்தேன், காத்தாடி மாதிரி மூணு சுத்து சுத்திச்சு. நல்ல கிளச்சா இருந்தா சூட்டுல கெட்டித் தேனுக்குள்ள சுத்துற மாதிரி இறுக்கமா இருக்கணும், விட்டதும் நின்னுரணும். நடுவுல தூசி ஒட்டின ஒயில் கோடு வேற இருந்துச்சு, உள்ள இருந்த சிலிகன் ஒயில் ஒழுகிப் போயிருந்துச்சு. உங்க வேன்லயும் கிளச் வச்ச பேனா இருந்தா பாருங்க. ஏத்தத்துல ஓடுற வேகத்துக்கு முன்னால இருந்து காத்து வராது, பேன்தான் எல்லாம். அதனாலதான் மூணாம் கியர்ல திணற விடாம ரெண்டுக்கு இறக்கிருங்க, என்ஜின் வேகமா சுத்துனா பேனும் வாட்டர் பம்பும் சேர்ந்து வேகமா சுத்தும்.

இன்னொண்ணு, ரோட்டோரப் பீலித் தண்ணிய பிடிச்சு சூட்டோட ஊத்துற பழக்கம் இருந்தா தயவுசெஞ்சு விட்டுருங்க. எங்க சித்தப்பா பதுளை ரோட்டுல மூடிய சூட்டுல திறந்து முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. தப்பித் திறந்துட்டாலும் சில்லுன்னு இருக்கிற தண்ணி கொதிக்கிற ஹெட்டுல பட்டா நல்லா இருக்கிற ஹெட்டும் வெடிச்சிரும்.

லிந்துல அக்கா:

எங்க வீட்டுலயும் ஸ்கூல் வேன்தான், அவரு ஓட்டுறாரு, கணக்கும் தண்ணி பார்க்கிறதும் நான். ஏத்தத்துல மீட்டர் ஏற ஆரம்பிச்சா ஏசிய நிப்பாட்டிட்டு ஹீட்டர முழுசா திறந்து விடச் சொல்லுங்க தம்பி, உள்ள வேர்க்கும், ஆனா அது சின்ன ரேடியேட்டர் ஒண்ணு கூடப் போட்ட மாதிரி, மேல ஏறுற வரைக்கும் காப்பாத்தும். ஹீட்டர்ல சூட்டுக்குப் பதிலா குளிர்காத்து வந்தா உள்ள தண்ணி இல்ல, காத்துதான் இருக்கு, உடனே நிப்பாட்டணும். அதே போல மீட்டர் சிவப்புல இருந்து திடீர்னு கீழ விழுந்தா சந்தோசப்படாதீங்க, தண்ணி வத்தி சென்சர் காத்துல நிக்குதுன்னு அர்த்தம். எங்களுக்கு அப்படி ஆகித்தான் முதல் என்ஜின் போச்சு.

தேத்தண்ணிக் கலர் தண்ணின்னு சொன்னீங்க, அது துரு. இங்க ஐஸ் பிடிக்காதே, கூலன்ட் எதுக்குன்னு நிறையப் பேர் கேக்குறாங்க. துரு பிடிக்காம இருக்கத்தான் அது, கொதிக்கிற டிகிரியும் கொஞ்சம் கூடும். பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க.

கொட்டகலை வேன்:

எல்லாருக்கும் கோடி நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொல்லித் தந்ததில்ல. இன்னைக்கு அஞ்சு மணிக்கே எழும்பி, பனி மூட்டத்துல டோர்ச்சோட சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் ஹோஸ் சப்பி ஒட்டிப்போய்த்தான் கிடந்துச்சு! மூடியைத் திறந்ததும் ஒரு சத்தத்தோட உப்பி வந்துச்சு. நிரப்பி ஸ்டார்ட் பண்ணினேன், ஆறு குமிழி எண்ணினேன், பிறகு தண்ணி சும்மா மெதுவா ஆடிச்சு, வேற ஒண்ணும் இல்ல. எக்ஸிலேட்டர் குடுத்தும் வரல. ஒயிலும் சுத்தம்.

டிக்கோயா பழைய கராஜ்காரர்:

அப்ப ஹெட்டுல கை வைக்க விடாதீங்க தம்பி. குளிரும்போது ஹோஸ் சப்புதுன்னா நடுவால்வு ஒட்டிக்கிட்டு போத்தல் தண்ணிய வர விடல. மூடி, தேர்மோஸ்டாட் ரெண்டையும் போடுங்க. பிறகு நல்லா சூடாகட்டும், என்ஜின நிப்பாட்டிட்டு ரேடியேட்டர் முகத்துல கைய மெதுவா தடவிப் பாருங்க, ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் திட்டுத் திட்டா குளிர்ந்து இருந்தா அங்க குழாய் அடைச்சிருக்கு. பழைய செம்பு ரேடியேட்டரா இருந்தா டேங்க் கழட்டி ரொட் அடிச்சு, அதான் குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்பெடுத்து, மறுபடி ஈயம் வைக்கலாம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுலயும் எட்டிப் பாருங்க, வெளிய இருந்து தெரியாது.

கொட்டகலை வேன்:

ரெண்டு கிழமைக்குப் பிறகு வர்றேன், மன்னிச்சிருங்க. நீங்க சொன்ன மாதிரியே கீழ்ப் பாதியில ஒரு கை அகலத்துக்குக் குளிர்ந்துதான் இருந்துச்சு. ஹட்டன்ல ரொட் அடிக்கக் குடுத்தேன், டேங்க் திறந்ததும் பாஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு, மூணுல ஒரு பங்கு குழாய் வாயே தெரியல, செம்மண் சேறு மாதிரி இறுகிப் போய் இருந்துச்சு. கண்டென்சருக்குப் பின்னால புல்லு விதை, பூச்சி, சேறு எல்லாம் சேர்ந்து பாய் விரிச்ச மாதிரி. மெதுவான தண்ணியில பின்பக்கம் இருந்து கழுவினோம். தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் நாலு தரம் என்ஜின அலசிட்டு கூலன்ட் ஊத்தினேன். பேன்ல பிழை இல்ல.

போன சனி கட்டுநாயக்க ஹயர், அதே ஏழு பேர், அதே சாமான். கித்துல்கலயில இருந்தே மீட்டர்லதான் கண்ணு. கினிகத்தேனை டவுனுக்குக் கிட்ட ஊசி பாதிய தொட்டுச்சு, அங்கயே நின்னுச்சு. வட்டவளை தாண்டினதும் கீழ இறங்கிருச்சு. ஹட்டன் வந்து இறங்கி ஹோஸ தொட்டுப் பார்த்தேன், நல்ல இறுக்கம், போத்தல் அளவுலயே இருக்கு.

ஒரு சின்ன விசயம் மட்டும். இப்ப பிரஷர் பிடிக்கிறதாலயோ என்னவோ பின் ஹீட்டருக்குப் போற பைப்ல, ஹோஸும் இரும்புக் குழாயும் சேர்ற இடத்துல ஈரம் தெரியுது. கிளிப்ப இறுக்கினா போதுமா?

டிக்கோயா பழைய கராஜ்காரர்:

போதாது தம்பி. ஹோஸ கழட்டி இரும்பு முனைய பாருங்க, துரு தின்னு மெலிஞ்சிருந்தா கிளிப் இறுக்கும்போதே நசுங்கிரும். பின் ஹீட்டர் தேவையில்லன்னா முன்னாலயே ரெண்டு ஹோஸையும் ஒரு வளைவுக் குழாயால சேர்த்துக் கட்டிருங்க, பிள்ளைகளுக்கு வேணும்னா குழாய மாத்துங்க.

கொட்டகலை வேன்:

மாத்துறேன் அண்ணே. மார்கழி வருது, விடியக்காலம் பின் சீட்டுல பிள்ளைகள் விறைச்சுப் போய் உக்காந்திருக்கும்.