ஆறின புண், ஆறாத புண்: உங்க அனுபவம் என்ன?

மீனா (நர்ஸ்)

சர்க்கரைப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் பண்ற இடத்துல வேலை எனக்கு. வர்றவங்க முதல்ல கேக்குறது, "வீக்கம் எப்ப சிஸ்டர் வத்தும்?" புதுசா வெட்டுப்பட்ட இடம் ரெண்டு மூணு நாள் வீங்கிச் சுடுறது இயல்புதான் (சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ கதை வேற). எனக்குப் பயம், சத்தமே போடாத புண்ணைப் பார்த்தாதான்.

ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்தார். செருப்பு வார் உரசின கொப்புளம். பாதம் மரத்துப்போனதால அவருக்குத் தெரியவே இல்ல. குழியோட அடியில மஞ்சளா, வழவழன்னு ஒரு படலம். செத்த திசுதான், ஸ்லஃப்னு சொல்வோம். வலியும் கிடையாது.

காயம் பட்ட சில மணி நேரத்துல நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணுக்கள் வந்து கிருமியைத் தின்னும், தின்னுட்டுச் செத்துப்போகும். சீழ்ல பெரும்பங்கு அதுங்கதான். அடுத்து வர்றது மேக்ரோஃபேஜ், இதுவும் ஒரு வகை வெள்ளையணுதான். செத்த செல்களை விழுங்கினதும் அதோட குணமே மாறும். சண்டையை விட்டுட்டு, புது ரத்தக்குழாய் வளர சிக்னல் அனுப்பும். சுகர் ஏறிக்கிடக்குற உடம்புல பல மேக்ரோஃபேஜ் இந்த மாற்றத்துக்கு வர்றதே இல்ல. வெளிய அமைதியாத் தெரிஞ்சாலும் உள்ள பழைய சண்டை ஓடிட்டே இருக்கும். அப்ப சுரக்குற என்ஸைம் புதுச்சதையையும் கரைச்சுடும்.

சர்ஜன் அந்தப் படலத்தைப் பிளேடால சுரண்டி ரத்தம் கசியவிட்டார். அண்ணனோட சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பழசாகிப்போன புண்ணைத் திரும்பப் புதுப் புண்ணாக்குற வேலைம்மா அதுன்னேன். சுகர் கட்டுக்குள்ள வந்து, பாதத்துல எடை விழாமப் பார்த்துக்கிட்ட பிறகு, ஒருநாள் கட்டைப் பிரிச்சா மாதுளை முத்து மாதிரி சிவப்புச் சதை. பஞ்சு பட்டதும் ரத்தம் துளிர்த்தது. எங்களுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது.

ஒரு ஆதங்கம். "சீழ் பிடிக்கும்"னு முட்டையையும் மீனையும் நிறுத்திடுறாங்க. இத்தனை செல்லும் எதை வெச்சு உண்டாகும்? ரசம் சோத்துலயா?

செல்வம்

முடக்குவாதத்துக்கு ப்ரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்குறவன் நான். கடவாய்ப்பல் பிடுங்கினப்ப கன்னம் துளியும் வீங்கல. பக்கத்து வீட்டுக்காரர், "குடுத்துவெச்சவர் சார் நீங்க"ன்னார். ஆனா பள்ளம் மூட ரொம்ப இழுத்துச்சு. வீக்கத்தை அடக்குற மருந்து, மீனாம்மா சொன்ன செல்களையும் சேர்த்துத்தான் அடக்குதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ரொம்ப நாள் எடுத்தவங்க சட்டுனு விட்டா அட்ரினல் சுரப்பி கைகொடுக்காது, உயிருக்கே ஆபத்து.

விலங்கியல் வாத்தியார்

இந்தத் தின்னும் செல்களை உலகத்துக்குக் காட்டினவர் மெச்னிகாஃப்ங்கிற ரஷ்ய விஞ்ஞானி. 1882-ல இத்தாலியின் மெஸ்ஸினாவுல, கண்ணாடி மாதிரி தெரியுற நட்சத்திர மீன் லார்வாவுக்குள்ள ரோஜா முள்ளைக் குத்திவெச்சார். மறுநாள் காலையில முள்ளைச் சுத்தி செல்கள் மொய்ச்சிருந்தது. 1908-ல நோபல்.

பசங்களுக்கு நான் விரும்பிச் சொல்றது மெக்சிகோ ஆக்ஸலாட்டல் கதை. தண்ணியில வாழுற, பல்லி மாதிரி உருவம் உள்ள ஒரு சாலமாண்டர் அது. காலை வெட்டினா எலும்பு, தசை, நரம்போட முழுக் காலும் திரும்ப வளரும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் காட்வின் குழு மேக்ரோஃபேஜை மட்டும் ஒழிச்சுட்டு வெட்டிப் பார்த்து, 2013-ல வெளியிட்டாங்க. கால் வளரல, தழும்புதான் மிச்சம். அந்த செல்கள் திரும்பி வந்த பிறகு அதே காலை மறுபடி வெட்டினா, வளருது!

ஒரு பையன் எழுந்து, "நமக்கும்தான் மேக்ரோஃபேஜ் இருக்கு, ஏன் சார் வளரல?"ன்னான். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் ஆராய்ச்சி நடக்குதுன்னேன். நமக்குக் கல்லீரல் வளரும், சின்னப் பிள்ளைகளுக்கு விரல் நுனி வளரும். மத்த இடத்துல உடம்பு தழும்பு போட்டு அவசரமா மூடிடுது.

கவிதா

மீனாக்கா, மாமியாருக்கு சுகர். கட்டைவிரல் ஓரத்துல கறுப்பா இருக்கு, வலிக்கலைங்கிறாங்க. மஞ்சள் அரைச்சுப் போட்டிருக்கோம்.

மீனா (நர்ஸ்)

மஞ்சளைக் கழுவிட்டு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க கவிதா. கறுப்புன்னா ரத்த ஓட்டமே நின்னிருக்கலாம். ரத்தம் போகாத இடத்துக்கு எந்த செல்லும் போய்ச்சேராது. வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், அவங்களுக்குச் சூடு தெரியாது. நடக்க விடாதீங்க, ஆட்டோ பிடிங்க.