சோலைக்கிளியைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊட்டியிலிருந்து:
பெயரில் கிளி இருந்தாலும் சோலைக்கிளி கிளி இல்லை, மலைச் சோலைக்காட்டுத் தரையில் இரை தேடும் சின்னப் பறவை. நீலகிரி சோலைக்கிளியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகு இங்கே கெய்ர்ன் ஹில் காட்டில் நடையைக் கட்டுகிறார்கள். நடக்கிற ஆளிடம் அது அகப்படாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஓடைப் பக்கமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். முதலில் குரல்தான் வரும். மெல்லிய சீழ்க்கை, நடுநடுவே கொஞ்சம் கரகரப்பு. கேட்ட திசையில் மரத்தை அண்ணாந்து பார்த்துப் பிரயோசனமில்லை, தரையைப் பாருங்கள்.

நான் பார்த்தது பாதையோரக் கால்வாயில். முதுகு சிலேட்டு நீலம், விலா செம்பழுப்பு, உடம்புக்குப் பொருந்தாத நெட்டைக் கால். இரண்டு தாவல், ஒரு நிறுத்தம். சருகை அலகால் தள்ளிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஏதோ ஒரு புழுவை இழுத்துப் பாசி படிந்த வேரில் அடித்து விழுங்கியது. படம் எடுத்தேன். இருட்டுக்காகக் கேமராவின் ஒளியுணர்வை (ஐஎஸ்ஓ) 6400 வைத்தும் நீலக் கறைதான் மிச்சம்!

கொடைக்கானலிலிருந்து:
எங்கள் பக்கம் இருப்பது வேறு பறவை சார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வந்துவிட்டால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. நெஞ்சு வரை நீலம், வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம். பாம்பே சோலை டவுனை ஒட்டியே இருக்கிறது, பஸ் ஹாரனுக்கு நடுவில்கூட அது பாடிக் கேட்டிருக்கிறேன். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பதால் பாடுவது எது என்று பார்வையில் சொல்ல முடியாது.

பழைய புத்தகங்களில் இதை ராபின் என்றுதான் போட்டிருப்பார்கள். 2017இல் மரபணுவை வைத்துப் பார்த்தபோது நீல ஈப்பிடிப்பான்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்து, 'ஷோலிகோலா' என்று தனிப் பேரினமே வைத்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதற்கும் அதே ஆய்வில் தனிப் பெயர். குளிர்ந்த மலை உச்சிச் சோலையை விட்டு இது கீழே இறங்காது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் போதும், அந்தப் பக்கக் கூட்டம் அந்தப் பக்கமே தங்கிவிடும்.

கோடையில் பாதையோர மண்சரிவுப் பொந்தில் ஒரு கூடு பார்த்தேன். எந்த இடம் என்று யாரும் இன்பாக்ஸில் கேட்க வேண்டாம்.

வால்பாறையிலிருந்து:
சொல்லாமல் விட்டது நல்லது அண்ணா. இங்கே ஒரு வழிகாட்டி ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதன் பாட்டைப் போட்டுப்போட்டுக் காட்டினார். பறவை உடனே வந்தது, வராமல் என்ன? தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டதென்று சண்டைக்கு வருகிறது. வந்தவர்கள் கைதட்டினார்கள். குஞ்சு பொரிக்கிற காலத்தில் இப்படி இழுத்தால் கூட்டை யார் பார்ப்பது? கேட்டதற்கு, "டூரிஸ்ட் பணம் கொடுத்ததுக்குக் காட்டணும்ல" என்றார். அதற்குப் பிறகு அவரோடு நான் போவதில்லை.

மழைக்காலத்தில் காத்திருக்கப் போகிறவர்கள் அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். உட்கார்ந்த இடத்தில்தான் அதிகம் ஏறும்.

கோத்தகிரியிலிருந்து:
எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஒரு துண்டுச் சோலை மிச்சம் இருக்கிறது. சுற்றிலும் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). அந்தத் துண்டுக்குள் சோலைக்கிளியின் குரல் கேட்கும், சீகைக் காட்டுக்குள் ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த மரம், இப்போது வெட்டினாலும் வேரிலிருந்தும் விதையிலிருந்தும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. சோலைக்குள் சீகைக் கன்று தலைகாட்டினால் எங்கள் வீட்டில் கையோடு பிடுங்கிவிடுவோம். சின்னதாக இருக்கும்போது சுலபம்.

பெரிய சோலையாகப் பார்க்க வேண்டுமென்றால் லாங்வுட் இருக்கிறது, 116 ஹெக்டேர். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், வாசல் கேட்டோடு திரும்பினவர்கள் நிறையப் பேர்.